கழைக்கூத்துக்கு நடுவே எல்விஸ்: எட் சல்லிவன் ஷோ, மூன்று டிவிடி

நான் பாட்டு விமர்சகன் கிடையாது. திருச்சி பொன்மலையில் டிவி, ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பிக்சர் டியூப் காலம் முடிந்ததும் கடையையும் மூடிவிட்டேன். அதனால் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் எப்படிப் பாடினார் என்று எழுதும் அளவுக்கு, அவரை எப்படிப் படம் பிடித்தார்கள் என்றும் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் இதுதான்: ‘எல்விஸ் பிரெஸ்லி: தி எட் சல்லிவன் ஷோஸ்’ என்ற மூன்று டிவிடி தொகுப்பு. 2006-இல் வந்தது. 1956 செப்டம்பர் 9, அக்டோபர் 28, 1957 ஜனவரி 6 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நடத்திய பல்சுவை நிகழ்ச்சியில் எல்விஸ் வந்த மூன்று ஒளிபரப்புகளும் முழுசாக இருக்கின்றன. அந்த ‘முழுசாக’தான் இங்கே விஷயமே. எல்விஸ் பாடும் துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால் ஒரு தட்டு போதும். இதில் கரணம் அடிப்பவர்கள், பொம்மைக்குக் குரல் கொடுப்பவர், நாடகக்காரர்கள், மேஜிக்காரர், நடுநடுவே மெர்க்குரி கார் விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் எல்விஸ் வருவது கொஞ்ச நேரம். மீதி நேரம் அவருக்காகக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புக்காகத்தான் இதை வாங்கச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் கேட்டு வாங்கினேன். புதுசு கிடைக்கவில்லை, யாரோ ஆன்லைனில் விற்ற பழைய பிரதிதான். பார்சலைக் கையில் வாங்கியதுமே உள்ளே கலகலவென்று சத்தம். திறந்தால், இரண்டாம் தட்டைப் பிடித்திருக்கும் நடுப்பல் உடைந்து, தட்டு பெட்டிக்குள் உருண்டு விளையாடியிருக்கிறது. அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். “அப்பா, வித்தவருக்கு எழுதிப் பாத்தேன், பதிலே இல்லப்பா” என்றாள் மகள். போகட்டும், நம்ம தொழில்தானே என்று வெள்ளைப் பற்பசையை எடுத்தேன். ஜெல் பசை உதவாது. ஈரப் பஞ்சில் துளி தொட்டு, நடுவிலிருந்து வெளி ஓரம் நோக்கி நேராகத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்துவிடாதீர்கள். டிவிடியில் பதிவு சுருளாகத்தான் போகிறது. குறுக்கே விழும் கீறலை பிளேயர் ஊகித்துச் சமாளித்துவிடும், சுருளோடு ஒட்டிப் போகும் கீறலைச் சமாளிக்காது. முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்சம் எங்கே நிற்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எல்விஸ் எனக்கு எப்படி அறிமுகம் என்று கேட்பீர்கள். பொன்மலை ரயில்வே காலனியில் சட்டைக்காரர் குடும்பங்கள் நிறைய. ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் என் வாடிக்கையாளர். எல்லாருக்கும் அங்கிள். அவருடைய ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்ற மாதம் ஒருமுறை போவேன். ஊசி தேயாத மாதத்திலும் கூப்பிடுவார். “வா மேன், ஏதோ கரகரங்குது பாரு” என்பார். ஒன்றும் கரகரக்காது. கூட உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று: “அமெரிக்கா டிவில அவனை இடுப்புக்குக் கீழ காட்டவே இல்ல மேன். தடா போட்டுட்டான்.” அங்கிள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர் இல்லை, எங்கோ படித்திருக்கிறார். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். இந்தத் தொகுப்பைப் பார்த்தால் தெரியும், அந்தக் கதையில் மூன்றில் ஒரு பங்குதான் நிஜம்.

முதலில் எட் சல்லிவன். இந்த ஆளைப் பார்த்தால் டிவிக்குக் கொஞ்சமும் பொருந்தாதவர் என்றுதான் தோன்றும். பாட மாட்டார், ஆட மாட்டார், சிரிக்க வைக்கவும் தெரியாது. நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். தோளைத் தூக்கிக்கொண்டு, கழுத்து பிடித்துக்கொண்டவர் மாதிரி நிற்பார். ஆனால் யாரை மேடையேற்றினால் ஊர் பேசும் என்பது தெரிந்தவர். 1948-இல் வேறு பெயரில் ஆரம்பித்த நிகழ்ச்சி, 1955-இல் அவர் பெயருக்கே மாறி, 1971 வரை ஞாயிறு இரவுகளில் ஓடியது. தாத்தாவுக்கு ஓபரா பாட்டு, பேரனுக்குக் குரங்கு வித்தை, அப்பாவுக்குக் குத்துச்சண்டை வீரர், பெரிய பெண்ணுக்கு ராக் அண்ட் ரோல் என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரு கவளம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஆரம்பிக்க அரை மணி நேரம் முன்னால் செத்த டிவியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்த முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் அந்தப் பதற்றம் ஞாயிறு எட்டு மணிக்கு இருந்திருக்கும்.

இந்த சல்லிவன் எல்விஸை முதலில் வேண்டாம் என்றவர். குடும்பத்தோடு பார்க்கத் தகாதவன் என்பது அவர் அபிப்பிராயம். 1956 ஜூன் 5-ஆம் தேதி மில்டன் பெர்ல் ஷோவில் எல்விஸ் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு ‘ஹவுண்ட் டாக்’ பாடி, கடைசியில் தாளத்தைப் பாதியாக இறக்கி இடுப்பை ஆட்டியதில் பத்திரிகைகள் கொதித்துப்போயிருந்தன. ஜூலை 1-ஆம் தேதி, சல்லிவனுக்கு நேர் எதிரே அதே நேரத்தில் போட்டிச் சேனலான என்பிசியில் நிகழ்ச்சி நடத்திய ஸ்டீவ் ஆலன், எல்விஸுக்கு வால் கோட்டு மாட்டி ஒரு நிஜ நாய்க்கு முன்னால் அந்தப் பாட்டைப் பாட வைத்தார். பையனை அடக்கியும் காட்டியாயிற்று, கூட்டத்தையும் இழுத்தாயிற்று. டிரெண்டெக்ஸ் என்ற நிறுவனம் எடுத்த அன்றைய பார்வையாளர் கணக்கில் ஆலனுக்கு 20.2 புள்ளி, சல்லிவனுக்கு 14.8. அதன் பிறகு சல்லிவனின் ஒழுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. மூன்று நிகழ்ச்சிக்கு 50,000 டாலர் என்று பேசி முடித்தார்கள். இந்த முன்கதை தெரிந்துகொண்டு முதல் தட்டைப் போட்டால் ருசி கூடும்.

முதல் தட்டில் சல்லிவனே இல்லை! ஆகஸ்டில் கார் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாகத் தொகுத்து வழங்குபவர் சார்ல்ஸ் லாட்டன். ஆஸ்கர் வாங்கிய ஆங்கிலேய நடிகர், பருத்த உடம்பு, மேடைக்குரல். அவரை ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, தமிழ்ப் பேராசிரியரைக் கூப்பிட்டு கானாப் பாட்டுக்கு அறிமுக உரை சொல்லச் சொன்னது போலத்தான். ஆனால் மனிதர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் செய்கிறார். கவிதை வாசிக்கிறார். சுவரில் மாட்டிய நான்கு தங்க ரெக்கார்டுகளைக் காட்டி, ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது என்று விளக்குகிறார். அந்த நிதானத்தில் லேசான குறும்பு இருப்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பிடிபட்டது.

லாட்டன் இருப்பது நியூயார்க்கில். எல்விஸ் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில், தன் முதல் சினிமாப் படப்பிடிப்பில். அங்கே சிபிஎஸ்ஸின் டெலிவிஷன் சிட்டி அரங்கிலிருந்து நேரடியாகப் பாடுகிறார். “ஹாலிவுட்டுக்குப் போவோம்” என்று லாட்டன் சொன்னதும் படம் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குத் தாவுகிறது. இன்றைக்கு இது ஒன்றுமில்லை. அன்றைக்கு நாட்டின் குறுக்கே மைக்ரோவேவ் கோபுரங்கள் நட்டு இரு கரையையும் இணைத்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மெக்கானிக் புத்தி.

கட்டம் போட்ட கோட்டில் நிற்கிறார் எல்விஸ். வயது 21. பெரிய மனிதர்கள் வீட்டுக்கு முதல்முறை விருந்துக்கு வந்த பையனின் பவ்யம். வாழ்க்கையிலேயே தனக்குக் கிடைத்த பெரிய கௌரவம் இதுவாகத்தான் இருக்கும் என்கிறார். பிறகு ‘டோன்ட் பி க்ரூயல்’. பக்கத்தில் ஜோர்டனேர்ஸ் குழு ஒத்துப் பாடுகிறது. கேமரா நெருங்கியே நிற்கிறது. ஆனால் இது தடை இல்லை. பின்னால் வரும் ‘ரெடி டெடி’, ‘ஹவுண்ட் டாக்’ இரண்டிலும் கால்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆட்டமும் தெரிகிறது. அங்கிள் இருந்திருந்தால் ரிமோட்டைப் பிடுங்கி, “நில்லு மேன், திருப்பிப் போடு” என்றிருப்பார்.

நடுவே ‘லவ் மீ டெண்டர்’. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ‘ஆரா லீ’ மெட்டில் புது வார்த்தை போட்ட பாட்டு. அன்றைக்கு அந்த ரெக்கார்டு கடைக்கே வரவில்லை. இந்த ஒரு இரவுக்குப் பிறகு குவிந்த முன்பதிவு பத்து லட்சத்தைத் தாண்டியது. அன்று பார்த்தவர்கள் 6 கோடிப் பேர் என்பது கணக்கு. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவிகளில் 82.6 சதவீதம் இதில்தான் நின்றது. ஆலனின் 20.2-க்கு சல்லிவன் வட்டியோடு பதில் சொல்லிவிட்டார், அதுவும் படுக்கையில் இருந்துகொண்டே.

ஆனால் அந்த 6 கோடிப் பேரும் எல்விஸை மட்டும் பார்க்கவில்லை. பிரதர்ஸ் அமின் என்ற கழைக்கூத்தாடிகள், ஒரு நாய், எல்லா வித்தையும் சொதப்புவதையே வித்தையாக வைத்திருக்கும் கார்ல் பாலன்டைன், ஓபராக் குரலில் டாரதி சார்னாஃப், பிறகு அம்ரு சானி என்று ஒரு பாடகி. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்விஸ் வந்த இரவில் நம்ம ஊர்ச் சாயலில் ஒரு பெயர் மேடையில் இருந்ததை யூடியூப் துண்டுகள் யாருக்கும் சொல்லாது.

என் மனைவி பதினைந்தாவது நிமிஷம் வந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இந்தக் கரணம் அடிக்கிறவங்களைப் பாக்கவா அமெரிக்காவுலேருந்து தட்டு வரவழைச்சீங்க?” நியாயமான கேள்விதான். ஆனால் கரணத்தையும் ஓபராவையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ‘ரெடி டெடி’யின் முதல் வரி வந்து விழும்போது கிடைக்கும் அதிர்ச்சி இருக்கிறதே, அது துண்டுப் படத்தில் கிடைக்காது. சுற்றிலும் எல்லாம் முந்தைய காலம். நடுவில் இந்த ஒருவர் மட்டும் நாளைக்கு வரவேண்டியவர். மற்றவர்களைக் காட்டாவிட்டால் அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

படத்தின் தரம் பற்றி. ‘மங்கலாக இருக்கிறது’ என்று குறை சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது சினிமா இல்லை, வீடியோ டேப்பும் இல்லை. கினஸ்கோப். அதாவது, நேரடியாக ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை ஒரு மானிட்டரில் ஓடவிட்டு, அதற்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிப்பது. அமெரிக்க டிவிக்கு நொடிக்கு 30 படம், ஃபிலிமுக்கு 24. இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய ஷட்டரில் கணக்குப் பண்ண வேண்டும், பிசகினால் படத்தின் குறுக்கே பட்டை விழும். டிவி திரையைக் கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டை தெரிந்திருக்கும். அப்படி எடுத்த ஃபிலிமிலிருந்து ஐம்பது வருஷம் கழித்து டிவிடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு இது நல்ல படம். முகத்தில் சாம்பல் நிறத்தின் படிகள் தெரிகின்றன. பளபளக்கும் பொருள் எதுவும் வந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழும். அது உங்கள் டிவியின் கோளாறு இல்லை, அந்தக் காலத்து இமேஜ் ஆர்த்திகான் கேமராக் குழாயின் குணம். கடையில் இப்படி ஒரு செட் வந்திருந்தால் கழற்றிப் பார்க்கத்தான் கை துறுதுறுத்திருக்கும்.

கொடுமை என்னவென்றால், எல்விஸ் நின்று பாடிய அதே டெலிவிஷன் சிட்டியில்தான் 82 நாள் கழித்து, 1956 நவம்பர் 30 அன்று, ஆம்பெக்ஸ் வீடியோ டேப் முதல்முதலாக ஒளிபரப்பில் ஓடியது. அதில் பதிவானது மாலைச் செய்தி. எல்விஸுக்குக் கிடைக்காத தெளிவு செய்தி வாசிப்பவருக்குக் கிடைத்திருக்கிறது.

ஒலி, ஒற்றைத் தடம்தான். எல்விஸ் குழுவில் பில் பிளாக் வாசிக்கும் பாஸ் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. ஸ்காட்டி மூரின் கிதார் சில இடங்களில் மட்டும் தலைகாட்டும். பெண்பிள்ளைகளின் கூச்சல் மட்டும் குறைவில்லாமல் பதிவாகியிருக்கிறது. ஹெட்போன் வேண்டாம், பழைய டிவி மாதிரி ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள்.

இரண்டாம் தட்டு, அக்டோபர் 28. சல்லிவன் திரும்பி வந்துவிட்டார், எல்விஸும் நியூயார்க்குக்கே வந்துவிட்டார். பாட்டு நான்கு: முன்பு பாடிய நான்கில் மூன்றோடு ‘லவ் மீ’. ஏழு வாரத்தில் பையன் மாறியிருக்கிறான். பவ்யம் இருக்கிறது, பயம் போய்விட்டது. பாட்டின் நடுவே ஒரு நொடி சும்மா நின்று, உதட்டை ஒருபக்கம் தூக்கி, கூட்டம் அலறுவதைக் கேட்டுவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு தொடர்கிறார். அலறலைத் தானே திறந்து மூடும் குழாய் கைக்குக் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

அன்றைக்கே சிபிஎஸ் அரங்கில் வைத்து எல்விஸுக்குப் போலியோ தடுப்பூசி போட்டார்கள், புகைப்படக்காரர்களுக்கு முன்னால். சால்க் கண்டுபிடித்த அந்தத் தடுப்பூசி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, பதின்வயதுப் பிள்ளைகள் போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். சொட்டு மருந்துக்கு நடிகர்களை வைத்து விளம்பரம் செய்ததைப் பார்த்த நமக்கு இது புரியும். நான்கு மாதத்துக்கு முன்னால் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று திட்டு வாங்கியவனை, அதே பிள்ளைகளுக்கு நல்ல புத்தி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தத் தட்டில்தான் சென்யோர் வென்சஸ் என்ற ஸ்பானியர் வருகிறார். இடது கையை மடக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உதட்டுச்சாயத்தால் வாய் வரைந்து, மேலே ஒரு முடியை மாட்டினால் அது ஜானி என்ற சின்னப் பையன். இன்னொரு பக்கம் ஒரு மரப்பெட்டி, மூடியைத் திறந்தால் உள்ளே தாடி வைத்த ஒரு தலை, கரகரத்த குரலில் ஒரு வார்த்தை பேசும், மூடிவிடுவார். ஒன்றுமில்லாத விஷயம். வயிறு குலுங்கச் சிரித்தோம். ‘சிரித்தோம்’ என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆங்கில நகைச்சுவை நடிகை ஜாய்ஸ் கிரென்ஃபெல், அயர்லாந்துச் சிறுவர்களின் பாட்டுக் குழு எல்லாம் வந்துபோகின்றன. பரவாயில்லை ரகம்.

மூன்றாம் தட்டு, 1957 ஜனவரி 6. அங்கிள் சொன்ன கதை இங்கேதான் நிஜமாகிறது. முழு நிகழ்ச்சியிலும் எல்விஸ் இடுப்புக்கு மேலேதான். சரிகை வெஸ்ட்டும் தளர்ந்த சட்டையுமாக, ஏதோ அரேபிய இளவரசன் வேஷம் போட்டவர் போல் நிற்கிறார். ஏழு பாட்டு. கால் தெரியாது. ஆனால் அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதே! அவர்கள் அலறும்போதெல்லாம் ‘கீழே என்ன நடக்கிறது’ என்று நம் மனசு தவிக்கிறது. மறைத்தவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை போலிருக்கிறது.

அதைவிட ஒரு வேடிக்கை. மேள அடியைக் கவனியுங்கள். டிரம்ஸ் வாசிக்கும் டி.ஜே. ஃபொன்டானா, ஆட்டக்காரிகள் ஆடும் கிளப்புகளில் வாசித்துப் பழகியவர். ஆள் இடுப்பை எங்கே வெட்டுகிறாளோ அங்கே அடி விழ வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அதே கையோடு எல்விஸின் கால் எங்கே உதறுகிறதோ அங்கே ஒரு உருட்டு, ஒரு ‘டப்’ வைக்கிறார். நாட்டியத்துக்கு நட்டுவாங்கம் மாதிரி. கேமரா இடுப்போடு நின்றுவிட்டது, டிரம்ஸை யாரும் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘ஹவுண்ட் டாக்’ கேட்டேன், காலைப் பார்க்க முடிந்தது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ‘டோன்ட் பி க்ரூயல்’ மூன்று தட்டிலும் இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ரெக்கார்டில் கேட்ட மாதிரி. மூன்றாவது வேறு. தாளம் கனத்திருக்கிறது, ‘டெலிபோன்’ என்ற சொல்லை ஒரு மாதிரி இழுத்து மடக்குகிறார், முடிவை நீட்டி நீட்டி விளையாடுகிறார். எங்கிருந்து வந்தது? 1956 நவம்பரில் லாஸ் வேகஸில் பில்லி வார்டின் டாமினோஸ் குழுவில் ஜாக்கி வில்சன் என்ற கறுப்பினப் பாடகர் எல்விஸைப் போலவே இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதை எல்விஸ் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தார். தன்னைவிட அவர் நன்றாகப் பாடினார் என்று டிசம்பரில் மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோவில் நண்பர்களிடம் வாய் ஓயாமல் சொன்னது டேப்பில் பதிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் சல்லிவன் மேடையில், தன்னைப் பார்த்துப் பாடியவரைப் பார்த்துத் தான் பாடுகிறார். பாட்டை எழுதியவரும் ஓட்டிஸ் பிளாக்வெல் என்ற புரூக்ளின் கறுப்பினக் கலைஞர். ‘ஹவுண்ட் டாக்’கை முதலில் பாடிப் பிரபலமாக்கியவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். ‘ரெடி டெடி’ இன்னொரு கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டுடையது. மூன்று மணி நேரத்தில் இவர்கள் பெயரை மேடையில் யாரும் உச்சரித்ததாக என் காதில் விழவில்லை. எனக்கு இந்தத் தொகுப்பில் உறுத்துவது இதுதான். அதற்காக டிவிடி போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு நடந்தது அப்படி. இதே மேடைக்கு 1955 நவம்பரில் வந்த போ டிட்லி என்ற கறுப்பினப் பாடகர், சல்லிவன் பாடச் சொன்ன பாட்டை விட்டுத் தன் பாட்டைப் பாடியதற்காக மறுபடி கூப்பிடப்படவே இல்லை. அதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

கடைசியில் ‘பீஸ் இன் தி வேலி’ என்ற பக்திப் பாட்டு. ஹங்கேரியில் சோவியத் படை புகுந்து அகதிகள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம், அவர்களுக்கு நிதி தரச் சொல்லி வேண்டுகோள். ஆடாமல், அசையாமல், கண்ணை மூடிப் பாடுகிறார் எல்விஸ். இதற்கும் இடுப்புக்கு மேலேதான். பிறகு சல்லிவன் பக்கத்தில் வந்து நின்று, இது நல்ல பையன், ஒழுக்கமான பையன் என்று நாட்டுக்கே சான்றிதழ் கொடுக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்றவர்! எல்விஸ் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி தெரிகிறது, இன்னும் இரண்டு நாளில் 22-ஆவது பிறந்தநாள். இதற்குப் பிறகு 1960-இல் ராணுவத்திலிருந்து திரும்பி பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் நிகழ்ச்சிக்கு வரும்வரை அவர் டிவியில் பாடவில்லை. அதே தட்டில் இளம்பெண்ணாக கரோல் பர்னெட் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார். பின்னாளில் அமெரிக்க டிவியையே ஆளப்போகிறவர். அன்றைக்கு அவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கூடுதலாக வைத்திருக்கும் வீட்டுப் படங்களும் நேர்காணல்களும் ஒருமுறை பார்க்கலாம். நான் மறுபடி போடவில்லை. மில்டன் பெர்ல், ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சிகள் இதில் கிடையாது. அவை வேறு சேனலின் சொத்து. நாயோடு பாடியதைத் தேடி இதை வாங்காதீர்கள். பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு எட் சல்லிவன் ஷோவின் யூடியூப் சேனலிலேயே துண்டுகள் இருக்கின்றன, காசு மிச்சம். வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர் வைத்திருப்பவர்கள், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு தட்டாகப் போடுங்கள். ஓட்டிவிடக் கூடாது. கார் விளம்பரத்தைக்கூட.

பழைய பிரதி வாங்கினால் பெட்டியைத் திறக்கும் முன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். என் இரண்டாம் தட்டில் பற்பசைக்கு மசியாத மிச்சக் கீறல் வென்சஸின் பெட்டி திறக்கும் இடத்தில் நிற்கிறது. மூடி பாதி திறக்கும், படம் உறையும், நாலு நொடி கழித்துத் தாடிக்காரத் தலை தானே வந்துவிடும். எல்விஸ் பகுதியில் ஒரு பிசிறு இல்லை. மனைவிக்கு அது ஆறவில்லை. “அந்தப் பாட்டுக்காரன் மேல கீறல் விழுந்திருக்கக் கூடாதா? நம்ம பொட்டித் தலையன் மேலயா விழணும்?” என்று நேற்றும் பற்பசை டியூபைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.